வெப்கேமில் படம் எடுத்துவிட்டதாக மிரட்டல் மெயில்: பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன வாரம் ஸ்பேம் ஃபோல்டரில் ஆங்கிலத்தில் ஒரு மெயில் கிடந்தது. என் லேப்டாப்பில் வைரஸ் ஏற்றி, பல மாதங்களாக வெப்கேம் வழியாக என்னைப் படம் பிடித்திருப்பதாகவும், இரண்டு நாளைக்குள் 1,400 டாலரை பிட்காயினில் அனுப்பாவிட்டால் அந்த வீடியோ என் தொடர்பில் உள்ள எல்லோருக்கும் போய்விடும் என்றும் அதில் இருந்தது. மெயில் என் முகவரியிலிருந்தே எனக்கு வந்திருக்கிறது. என் பாஸ்வேர்டு ஒன்றையும் சரியாக எழுதியிருக்கிறான். லேப்டாப் எங்கள் படுக்கையறையில்தான் இருக்கும். கல்லூரியில் படிக்கும் மகளும் அதைத்தான் பயன்படுத்துகிறாள். கேமரா மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஹாலில் ஒரு வைஃபை கேமரா வைத்திருக்கிறோம். அதையும் கழற்றிவிட வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் கட்டாதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும். அந்த மெயிலுக்குப் பதிலும் போடாதீர்கள். கெஞ்சியோ திட்டியோ ஒரு வரி எழுதினால்கூட, இந்த முகவரியில் பயந்துபோன ஒரு ஆள் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பிட்காயினில் அனுப்பிய பணத்தை வங்கிக்குப் போன் போட்டு நிறுத்தவும் முடியாது.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மெயிலைப் படித்தேன். தொகையும் ஒன்றிரண்டு வரிகளும் மாறியிருக்கின்றன, மற்றபடி 2018-லிருந்து உலகம் முழுக்கச் சுற்றிவரும் அதே மெயில்தான். ஒரே சமயத்தில் லட்சக்கணக்கான பேருக்குப் போகும். நூறில் ஒருவர் பயந்து கட்டினாலே அவர்களுக்குக் கொள்ளை லாபம்.

இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். அதில் உங்கள் பெயர் இல்லை. லேப்டாப் என்ன கம்பெனி என்று இல்லை. அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்பதே எழுதியவனுக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் உங்கள் அறையைப் பார்த்தவனுக்குச் சுவர் என்ன நிறம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. ஒரே ஒரு படம்கூட இணைக்கவில்லை. இரண்டு நாள் கெடு முடிந்து, நீங்கள் எனக்குக் கடிதமும் எழுதியாகிவிட்டது. உறவினர் யாரும் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லையே?

உண்மையாகவே படம் வைத்திருப்பவன் எப்படி எழுதுவான் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2013-ல் அமெரிக்காவில் மிஸ் டீன் யுஎஸ்ஏ பட்டம் வென்ற காசிடி உல்ஃப் என்ற பெண்ணுக்கு இதேபோல மிரட்டல் வந்தது. அனுப்பியவன் கூடவே அவருடைய அறையில் எடுத்த படங்களையும் இணைத்திருந்தான். விசாரித்தால், அவரோடு ஒரே பள்ளியில் படித்தவன். தெரிந்த பையன்தான். அவர் போலீசிடம் போனார், அவனுக்கு 2014-ல் 18 மாத சிறைத் தண்டனை கிடைத்தது. கையில் படம் இருப்பவன் அதைத்தான் முதலில் காட்டுவான். இல்லாதவன் பழைய பாஸ்வேர்டைக் காட்டுவான்.

சரி, அந்த பாஸ்வேர்டு அவனுக்கு எப்படிக் கிடைத்தது? மகள் பெயரோடு அவள் பிறந்த வருஷத்தைச் சேர்த்து ரொம்ப நாளைக்கு முன்னால் வைத்தது, இப்போது அதிகம் பயன்படுத்துவதில்லை என்று நீங்களே குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். எப்போதோ நீங்கள் கணக்கு தொடங்கிய ஒரு இணையதளத்திலிருந்துதான் அது திருடு போயிருக்கும். உங்கள் லேப்டாப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. லிங்க்டுஇன் தளத்தில் 2012-ல் திருடப்பட்ட விவரங்களில் சுமார் 11.7 கோடி பேரின் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் 2016-ல் கள்ளச் சந்தையில் விற்பனைக்கு வந்தன. அதுபோல நூற்றுக்கணக்கான தளங்கள் சூறையாடப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு முகவரிக்கும் அதனதன் பாஸ்வேர்டை நிரப்பி அனுப்புவது ஒரு சின்ன புரோகிராமின் வேலை. ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலிய நிபுணர் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற இலவசத் தளத்தில் உங்கள் மெயில் முகவரியைப் போட்டால், அது எந்தெந்தத் திருட்டுகளில் சிக்கியிருக்கிறது என்று காட்டும். அங்கே முகவரியை மட்டும் போடுங்கள். பாஸ்வேர்டை எங்கேயும் போட்டுச் சோதிக்க வேண்டாம்.

உங்கள் முகவரியிலிருந்தே மெயில் வந்தது உங்களை அதிகம் கலங்கடித்திருக்கிறது. இன்லேண்ட் லெட்டரில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதித் தபால் பெட்டியில் போடலாம் இல்லையா, மெயிலிலும் அது முடியும். நீங்களே சோதித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். அதற்குள் போனால் மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று, அனுப்பிய இடம் உண்மைதானா என்று சரிபார்க்கும் மூன்று வரிகள் இருக்கும். அவற்றில் 'ஃபெயில்' என்றோ 'சாஃப்ட்ஃபெயில்' என்றோ இருந்தால் அது உங்கள் கணக்கிலிருந்து கிளம்பவில்லை என்று பொருள். ஜிமெயில் அதை ஸ்பேமில் தள்ளியதும் அதனால்தான்.

அதற்காக எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பழைய பாஸ்வேர்டு இன்னும் எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று யோசியுங்கள். மெயில், ஃபேஸ்புக், பொருள் வாங்கும் தளங்கள், கரண்ட் பில் கட்டும் கணக்கு, எல்லாவற்றிலும் மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறுவேறாக இருக்கட்டும். நினைவில் நிற்காது என்றால் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். இதைச் சொன்னால் என் துறையில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ரஷ்யாவிலோ நைஜீரியாவிலோ இருப்பவன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை. ஜிமெயிலுக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் வசதியை, இன்றைக்கே போடுங்கள். கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும், தெரியாத போன் அதில் இருந்தால் வெளியேற்றுங்கள்.

அடுத்து லேப்டாப். விண்டோஸ் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் கேமரா என்று ஒன்று இருக்கும். எந்த ஆப் கடைசியாக எப்போது கேமராவைத் திறந்தது என்று அங்கே தேதி, நேரத்தோடு இருக்கும். ஸூம், கூகுள் மீட் ஓடும் பிரௌசர், டீம்ஸ் என்று நீங்களும் மகளும் பயன்படுத்துபவை இருக்கலாம். முன்பின் தெரியாத ஒரு பெயர், அதுவும் வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் இருந்தால் விசாரிக்க வேண்டிய விஷயம். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே சோதிக்கும். ஒளிந்திருக்கும் மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், அப்போது தன்னை மறைத்துக்கொள்வது கஷ்டம். விண்டோஸோடு இலவசமாக வருவதுதான், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

வெப்கேமை ஹேக் செய்வது என்பதே கட்டுக்கதையா என்றால், இல்லை. பிளாக்ஷேட்ஸ் என்ற மென்பொருள் 40 டாலருக்கு விற்றது. அதை வாங்கியவன் இன்னொருவருடைய கேமராவைத் திறக்கலாம், தட்டச்சு செய்வதைப் படிக்கலாம், ஃபைல்களை எடுக்கலாம். 2014 மே மாதம் பல நாட்டுப் போலீசார் சேர்ந்து அதை முடக்கியபோது, நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் அது நுழைந்திருந்தது தெரிய வந்தது. ஆனால் அது எதுவும் கேமராவின் கண்ணாடி வழியாக உள்ளே வரவில்லை. உரிமையாளரே ஒரு லிங்க்கைத் தட்டி, ஒரு ஃபைலைத் திறந்து உள்ளே விட்டார். அதனால் கேமராவைவிட, லேப்டாப்பில் யார் எதை ஏற்றினார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

நம் ஊரில் அது எப்படி நடக்கிறது? புது லேப்டாப் வாங்கியதும் கடைக்காரர் "ஆபீஸ் போட்டுத் தர்றேன் மேடம், காசு வேண்டாம்" என்பார். அது கிராக் செய்த ஆபீஸ், அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த திருட்டு நகல். அதை ஏற்றுவதற்காக முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைப்பார், பல சமயம் திரும்பப் போட்டுவிட மறந்துவிடுவார். மகள் ப்ராஜெக்ட்டுக்காக யாரோ பென்டிரைவில் கொடுத்த போட்டோஷாப்பும் இதே ரகம்தான். இன்னொரு பக்கம், கஸ்டமர் கேர் என்று பேசுபவன் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஒன்றை இறக்கச் சொல்லி, திரையில் வரும் எண்ணை வாங்கிக்கொள்வான். அந்த ஆப்களில் குற்றம் இல்லை, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க நாங்களே பயன்படுத்துகிறோம். வேலை முடிந்ததும் நீக்காமல் விடுவதுதான் வம்பு. இன்ஸ்டால் ஆன ஆப்களின் பட்டியலைத் தேதி வரிசையில் வைத்து, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். யாருக்கும் தெரியாதது இருந்தால் நீக்குங்கள். போனிலும் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்களை, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்களை, தொடாதீர்கள். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், இன்ஸ்டால் செய்யச் சொல்லாது.

ஸ்டிக்கர் பொட்டு நல்ல யோசனைதான். 2016-ல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் போட்ட ஒரு படத்தில் அவருடைய லேப்டாப் கேமரா மேலும் டேப் ஒட்டியிருந்தது, அதைப் பார்த்து ஊரே சிரித்தது. அதே வருடம் எஃப்பிஐ தலைவராக இருந்த ஜேம்ஸ் கோமியும் தான் டேப் ஒட்டுவதாகச் சொன்னார். ஆனால் பொட்டின் கோந்து லென்ஸில் படிந்தால் வீடியோ கால் மங்கலாகத் தெரியும். கோந்து படாத நடுப்பகுதி கேமரா மேல் வரும்படி ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டினால் போதும். ஆன்லைனில் விற்கும் பிளாஸ்டிக் மூடியை ஒட்டி லேப்டாப்பை மூடினால் திரை விரிசல் விடலாம் என்று ஆப்பிள் 2020-ல் எச்சரித்தது. பல புதிய லேப்டாப்களில் கேமரா மேலேயே ஒரு தள்ளுமூடி இருக்கிறது, உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். எதை ஒட்டினாலும் மைக் திறந்துதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கேமரா பக்கத்தில் எரியும் விளக்கை நம்பலாமா? பெரும்பாலும் நம்பலாம். ஆனால் 2008-க்கு முன் வந்த சில ஆப்பிள் மாடல்களில் விளக்கு எரியாமலே கேமராவை இயக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் செய்தே காட்டினார்கள். நான் மேலே சொன்ன காசிடி உல்ஃபும் தன் கேமரா விளக்கு எரியவே இல்லை என்றுதான் சொன்னார். போனைப் பொறுத்தவரை, ஐபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பு முதலும், கேமரா ஓடும்போது திரையின் மேல் ஓரத்தில் பச்சையாக ஒரு அடையாளம் தோன்றும். யாரோடும் வீடியோவில் பேசாதபோது அது தெரிந்தால் கவனியுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். லேப்டாப்பைவிட எனக்கு அதிகக் கவலை ஹாலில் இருக்கும் அந்த வைஃபை கேமராவைப் பற்றித்தான். லேப்டாப் கேமராவை யாராவது சிரமப்பட்டுத் திறக்க வேண்டும். இது இருபத்து நான்கு மணி நேரமும் தானே திறந்து கிடக்கிறது. 2014-ல் ஒரு இணையதளம், பாஸ்வேர்டே மாற்றாத 70,000-க்கும் மேற்பட்ட கேமராக்களின் காட்சிகளை நேரடியாக யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டது. கடைகள், வராந்தாக்கள், குழந்தைகள் தூங்கும் அறைகள். ஒருவரும் எதையும் உடைக்கவில்லை, கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே போட்டுப் பார்த்தார்கள், திறந்தது. 2016-ல் மிராய் என்ற மால்வேரும் இதே வழியில்தான் கேமராக்களைப் பிடித்துப் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவியில் பதிவான பெண் நோயாளிகளின் காட்சிகள் யூடியூபில் தலைகாட்டி, டெலிகிராமில் காசுக்கு விற்கப்பட்டன. பரிசோதனை அறைக்குள் கேமரா எதற்கு என்ற கேள்வி அதன் பிறகுதான் எல்லோருக்கும் வந்தது.

உங்கள் கேமராவை வந்து மாட்டியது யார்? கடைப் பையன் என்றால், தன் போனிலேயே ஆப்பைத் திறந்து, தன் நம்பரிலோ மெயிலிலோ கணக்கு தொடங்கி, உங்கள் போனுக்கு 'ஷேர்' கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ரொம்பச் சகஜமாக நடப்பது இது. பெரும்பாலும் அவன் மனதில் கெட்ட எண்ணம் இருக்காது, சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம்தான். ஆனால் அந்தக் கேமராவின் உரிமையாளர் இப்போது அவன். உங்கள் போனில் ஆப்பைத் திறந்து, கணக்கு யார் பெயரில் இருக்கிறது, வேறு யாருக்கெல்லாம் பகிரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் இல்லாவிட்டால் அவனைக் கூப்பிட்டு அவன் கணக்கிலிருந்து கேமராவை நீக்கச் சொல்லுங்கள். பிறகு கேமராவில் ரீசெட் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, உங்கள் மெயிலில் புதிதாகத் தொடங்குங்கள். புது பாஸ்வேர்டு, இரண்டு அடுக்குப் பாதுகாப்பு, ஆப்பில் அப்டேட் என்று காட்டினால் அதையும் போட்டுவிடுங்கள். வைஃபை ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டையே இன்னும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபை வசதி இருந்தால் கேமராவை அதில் சேர்த்துவிடலாம், லேப்டாப்பும் அதுவும் ஒரே வலையில் இருக்காது. இனி புதிதாக வாங்குவதாக இருந்தால், இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். கடையில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத கேமராவுக்கு அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கழற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் அது உதவிதான். ஆனால் அது எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஆப்பில் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். மதியம் வெயிலுக்கு ஹாலிலேயே மாமியார் சேலை மாற்றுவாரா? குளியலறைக் கதவு கேமராவின் பார்வைக்குள் விழுகிறதா? வாசலும் அவர் உட்காரும் நாற்காலியும் தெரிந்தால் போதும். நீங்களோ கணவரோ வீட்டுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். முக்கியமாக, கேமரா இருப்பது அத்தைக்குத் தெரியுமா? ஓரமாக ஏதோ பல்பு மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

நீங்கள் ஆசிரியை என்பதால் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. 2010-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி நிர்வாகம், மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களின் கேமராவைத் தொலைந்தால் கண்டுபிடிப்பதற்கென்று ஒரு மென்பொருளால் இயக்கி, வீட்டுக்குள் இருந்த பிள்ளைகளையும் லேப்டாப் திரைகளையும் சேர்த்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருந்தது தெரிய வந்தது. ஒரு மாணவன் மாத்திரை விழுங்குவதாகச் சந்தேகப்பட்டு விசாரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அவன் தின்றது மிட்டாய் என்றது குடும்பம். 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். அலுவலகமோ பள்ளியோ கொடுத்த லேப்டாப்பும் டேப்லெட்டும் உங்களிடம் இருந்தால், அவற்றைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

கணவரிடம் இன்று இரவே சொல்லுங்கள். நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஒப்புக்கொள்ள எதுவும் இல்லை. "இந்த மாதிரி ஒரு மிரட்டல் மெயில் வந்திருக்கு, பாருங்க" என்று போனை நீட்டினால் போதும். அவருடைய ஸ்பேம் ஃபோல்டரிலேயே இதுபோல ஒன்று கிடந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். மகளிடமும் காட்டுங்கள். அவள் வயதுப் பிள்ளைகளுக்கு வரும் மிரட்டல் வேறு மாதிரி. தெரியாத எண்ணிலிருந்து வீடியோ கால் வரும், எடுத்த சில நொடிகளில் திரையைப் பதிவு செய்துவிடுவார்கள். இல்லையென்றால் பழகியவனே பழைய படத்தை வைத்து மிரட்டுவான். அப்போது கையில் உண்மையான படம் இருக்கும், நான் உங்களுக்குச் சொன்ன தைரியம் அங்கே போதாது. அப்படி ஒன்று வந்தால் திட்டாமல் கேட்பீர்கள் என்று அவளுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும். பதினெட்டு வயது ஆனவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற தளம் இருக்கிறது. அந்தரங்கப் படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாகி, அது மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போகும், அவர்கள் அந்தப் படத்தைத் தடுக்க முயல்வார்கள்.

புகார் கொடுப்பதாக இருந்தால் மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள். மத்திய அரசின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியலாம், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். உங்கள் மாவட்டத்திலேயே சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. பணம் போய்விட்டால் மட்டும் யோசிக்காமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். ஒருவரின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைக்கு உரிய குற்றம். பெண்ணைத் தனிமையில் ஒளிந்து பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

இதே மெயில் இன்னும் ஒன்றிரண்டு தடவை, தொகை மாறி வரும். திறந்து படிக்காமல் ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள். ஆஃப்லைன் ஸ்கேனில் ஏதாவது பெயர் காட்டினால் மட்டும் அந்தத் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், அதுவரை அந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.